சொட்டில் மிச்சம், கிணற்றில்?

தண்ணீர்ப் பஞ்சம் என்று பேச்செடுத்தால் போதும், மேடையில் இருப்பவர் சொட்டுநீர்ப் பாசனத்தை எடுத்து நீட்டிவிடுவார். தருமபுரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2004இல் சொட்டுநீரோடு கூடிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துல்லியப் பண்ணையத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்தான் தொடங்கியது. இலக்கு 400 ஹெக்டேர். பிறகு சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமே வந்துவிட்டது.

நல்லதை மறைக்க வேண்டாம். களை குறைகிறது, உரம் நேரே வேருக்குப் போகிறது, மடை மாற்ற ஆள் தேட வேண்டியதில்லை, தக்காளியும் திரண்டு காய்க்கிறது. என் சண்டையெல்லாம் ‘மிச்சம்’ என்ற ஒரு சொல்லோடுதான்.

பொம்மிடிப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய காலத்தில் ஒரு ஏக்கர் தக்காளிக்கே போர் திணறும். குழாய் போட்டதும் அதே தண்ணீர் இரண்டு ஏக்கருக்கு எட்டுகிறது. உடனே மோட்டாரை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவாரா விவசாயி? வரப்புக்கு அந்தப் பக்கம் மானாவாரியாகக் கிடக்கும் கடலைக்காட்டுக்குக் குழாயை இழுப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இன்னொன்றும் உண்டு. பாத்தியில் தேங்கிய தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது. அதை ‘வீண்’ என்று எழுதினோம். இப்போது அதையும் சேர்த்து இரண்டாவது ஏக்கர் குடித்துவிடுகிறது. மேலே கொஞ்சம் மக்கிய பாறை, அடியில் வெடிப்புகளில் தேங்கிய நீர், இந்தப் பக்கத்து நிலத்தடிக்கு அவ்வளவுதான் இருப்பு. சிக்கனமான எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865இலேயே இங்கிலாந்துக்காரர்களிடம் சொன்னார். நம் அதிகாரிகள் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை போலும்.

குழாய் போட்ட ஹெக்டேரை எண்ணி அறிக்கை எழுதுகிறார்கள். மானியம் வாங்கிய தோட்டத்துக் கிணற்றில் கயிறு விட்டுப் பார்ப்பவர் யார்? 1990 முதல் விவசாயிகள் எல்லாருக்கும் மின்சாரம் இலவசம், அதனால் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் கட்டணமும் இல்லை. போராடிப் பெற்ற அதைப் பறிக்கச் சொல்லவில்லை. மானியம் தரும் அன்று நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மூன்று கோடை கழித்து அதே கிணற்றை மறுபடி அளந்து பாருங்கள். அதுவரை மேடையில் மகசூலைப் பற்றிப் பேசுங்கள், தண்ணீர் மிச்சம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.