இரண்டு சிக்மாவும் என் மகளின் கணக்கு நோட்டும்

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள், புள்ளியியல் பாடத்தில் திட்ட விலக்கம் பற்றி பத்து கணக்குகள் வீட்டுப்பாடம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்தாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். பத்தும் சரி. படிகள்கூட ஒன்று விடாமல் இருந்தன.

"ஏஐகிட்ட கேட்டேன்ப்பா. எங்க மிஸ்ஸை விட நல்லா சொல்லித் தருது" என்றாள். மறைக்கவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சும்மா பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்டேன்: "ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு கழிச்சுப் பார்க்கிறோம் இல்லையா, அதை எதுக்கு வர்க்கப்படுத்துறோம்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஃபார்முலா அப்படித்தான்ப்பா."

சரி என்று, அதே கணக்கில் எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "அப்ப புரிஞ்சுதுப்பா, சத்தியமா."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த உணர்வு எனக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதுகிறேன். இப்போது பாதி நிரலை ஏஐ எழுதித் தருகிறது. படித்துப் பார்க்கிறேன், தலையாட்டுகிறேன், சேர்த்துவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து அதில் பிழை வந்தால், யாரோ எழுதிய நிரலைப் படிப்பதுபோல முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்கு ஏஐ வருவதற்கு முந்தைய இருபது வருஷம் கையில் இருக்கிறது. என் மகளுக்கு அது கிடையாது.

இதனால்தான், கல்வியில் ஏஐ பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். இது அந்தத் தேடலின் குறிப்பு.

எங்கிருந்து வந்தது அந்த எண்?

2023-இல் சல்மான் கான் (கான் அகாடமியை நிறுவியவர்) ஒரு டெட் உரை நிகழ்த்தினார். உலகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனி ஆசிரியரை ஏஐ மூலம் கொடுத்துவிட முடியும் என்பது அதன் சாரம். அதற்கு அவர் காட்டிய முதல் ஆதாரம் பெஞ்சமின் ப்ளூம் 1984-இல் எழுதிய கட்டுரை. பெயரே 'இரண்டு சிக்மா சிக்கல்'. அதன் பிறகு ஏஐ ஆசிரியர் பற்றி வந்த கட்டுரை, விளம்பரம், முதலீட்டாளர் படக்காட்சி என்று எதைத் திறந்தாலும் இந்த இரண்டு சிக்மா வந்து நிற்கிறது.

சிக்மா என்பது என் மகள் மாட்டிக்கொண்ட அதே திட்ட விலக்கம்தான். ப்ளூம் சொன்னது இது: வழக்கமான வகுப்பில் நடுவாந்தரமாக இருக்கும் ஒரு மாணவருக்குத் தனி ஆசிரியர் வைத்தால், அந்த வகுப்பின் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுவார். ஐம்பதாவது இடத்தில் இருப்பவர் கிட்டத்தட்ட முதலிடத்துக்கு வந்துவிடுகிறார். யார்தான் இதை மேற்கோள் காட்ட மாட்டார்கள்?

ஆனால் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலாவது, ஆய்வின் அளவு. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ப்ளூமின் மாணவர்களான அனானியா, பர்க் ஆகிய இருவரின் முனைவர் பட்ட ஆய்வுகள்தான் அடிப்படை. நான்கு, ஐந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பாடங்கள் இரண்டே இரண்டு: நிகழ்தகவு, வரைபடக் கலை. மூன்று வாரத்தில் பதினோரு வகுப்புகள். தேர்வும் அந்த மூன்று வாரத்தில் நடத்திய பாடத்திலிருந்து மட்டும். இதை வைத்துக்கொண்டு உலகக் கல்வி முழுக்க இரண்டு சிக்மா ஏறும் என்று சொல்வது, ஒரு தெருவில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்கு மைலேஜ் சொல்வது மாதிரி.

இரண்டாவது, அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது தனி ஆசிரியர் மட்டும் இல்லை. அவ்வப்போது சிறு தேர்வு வைத்தார்கள். எங்கே தவறு என்று பார்த்துத் திருத்தினார்கள். மறுபடி தேர்வு வைத்தார்கள். குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த பாடத்துக்கு நகர முடியும். இதற்குத் தேர்ச்சிவழிக் கற்றல் என்று பெயர். முப்பது பேர் இருக்கும் சாதாரண வகுப்பில் இந்த முறையை மட்டும் கொண்டுவந்தபோதே ஒரு சிக்மா ஏறியது. அதாவது நடு மாணவர் 84 சதவீதம் பேரைத் தாண்டினார். தனி ஆசிரியரே இல்லாமல்! இரண்டு சிக்மாவில் பாதி, ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்ததே இல்லை.

மூன்றாவது ஒரு சங்கதி, எனக்கு ரொம்ப சுவாரசியமானது. கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் 2011-இல் இந்தத் துறையின் ஆய்வுகளை எல்லாம் தொகுத்தார். தேர்ச்சிவழி வகுப்பில் அடுத்த பாடத்துக்குப் போக 80 சதவீதம் போதும் என்று வைத்தவர்கள், தனி ஆசிரியர் குழுவுக்கு 90 சதவீதம் என்று வைத்திருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். ஒரு குழுவுக்குக் கம்பியை உயர்த்தி வைத்தார்கள், அந்தக் குழு உயரம் தாண்டியது. மனிதத் தனி ஆசிரியரால் கிடைக்கும் பலன் என்று வான்லேன் கணக்கிட்டது 0.79 சிக்மா. 2020-இல் 96 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு கணக்கில் அது 0.37-க்கு இறங்கிவிட்டது. 0.37 என்றால் ஐம்பதாவது இடத்தில் இருப்பவர் ஏறத்தாழ 64 பேரைத் தாண்டுவார். கல்வியில் இது நல்ல முன்னேற்றம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 98 எங்கே, 64 எங்கே!

வான்லேன் தொகுப்பிலேயே இன்னொரு ஒப்பீடு இருக்கிறது. அந்தக் காலத்துக் கணினி ஆசிரியர்களில் இரண்டு வகை. கடைசி விடையை மட்டும் சரியா தவறா என்று பார்ப்பது ஒன்று. மாணவர் போடும் ஒவ்வொரு படியையும் பார்த்து, தவறிய படியில் நிறுத்துவது இன்னொன்று. முதல் வகைக்கு 0.31. இரண்டாம் வகைக்கு 0.76, கிட்டத்தட்ட மனித ஆசிரியர் அளவு. இத்தனைக்கும் அந்த மென்பொருள்களுக்கு இன்றைய ஏஐ மாதிரி இனிமையாகப் பேசத் தெரியாது. படிகளைப் போடுவது மாணவர், பார்ப்பது கணினி. அவ்வளவுதான்.

என் வீட்டில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். படிகளைப் போட்டது ஏஐ, பார்த்தது என் மகள்.

துருக்கியில் நடந்த சோதனை

இது என் வீட்டு அனுபவம் மட்டும்தானா என்ற சந்தேகத்துக்கு ஒரு நல்ல சோதனை பதில் வைத்திருக்கிறது. 2023-இல் துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதப் பாடத்தில் செய்தது. மூன்று குழுக்கள். ஒன்றுக்குப் பாடப்புத்தகமும் நோட்டும் மட்டும். இன்னொன்றுக்கு ஜிபிடி-4, சாதாரண உரையாடல் வடிவில். மூன்றாவதற்கு அதே ஜிபிடி-4, ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி கட்டுப்படுத்தியது.

பயிற்சி நேரத்தில் சாதாரண ஜிபிடி குழு, புத்தகக் குழுவை விட 48 சதவீதம் அதிகம் எடுத்தது. கட்டுப்படுத்திய ஜிபிடி குழு 127 சதவீதம் அதிகம். விளம்பரம் இங்கேயே நின்றுவிடும். பிறகு ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண ஜிபிடி குழு, புத்தகக் குழுவை விட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. அதைவிட முக்கியம், தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அந்த மாணவர்களுக்குத் தெரியவில்லை. "அப்ப புரிஞ்சுதுப்பா, சத்தியமா."

கட்டுப்படுத்திய ஜிபிடி குழுவுக்கு அந்த இழப்பு இல்லை. இதை வைத்து 'பார்த்தீர்களா, சரியாக வடிவமைத்தால் போதும்' என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பயிற்சியில் 127 சதவீதம் முந்திய அந்தக் குழு, தேர்வில் புத்தகமும் நோட்டும் வைத்துப் படித்த குழுவுக்குச் சமமாகத்தான் வந்தது. இரண்டு, அந்தக் கட்டுப்பாடு தானாக வந்ததில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடை, மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறுவார்கள், அப்போது என்ன குறிப்பு தரலாம் என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பு ஒன்றில் 194 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை 2025-இல் வெளிவந்தது. அங்கே ஏஐ ஆசிரியரிடம் படித்தவர்கள், நல்ல முறையில் நடத்தப்பட்ட வகுப்பில் உட்கார்ந்தவர்களை விடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். ஆனால் அந்த ஏஐக்கும் படிப்படியான விடைகளை எழுதிக் கொடுத்தது பாடம் நடத்தும் ஆசிரியர்களே. ஒரு நேரத்தில் ஒரு படிக்கு மேல் போகாதே என்று கட்டியும் வைத்தார்கள். சோதனை செய்தது இரண்டு பாடங்களில் மட்டும்.

ஆக, ஏஐ வேலை செய்த இடங்களிலெல்லாம் பின்னால் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார். அந்த ஆசிரியரை எடுத்துவிட்டு ஏஐயை மட்டும் விற்கும்போது ப்ளூமின் எண்ணைக் காட்டுவதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. இதில் கானை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் செய்த கான்மிகோ விடையை நேரடியாகத் தராமல் இருக்க முயல்கிறது. ஆனால் பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் அது இல்லை. கேட்டதும் விடை தரும் செயலிதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணால் நியாயப்படுத்த முடியாது.

ஒப்பித்தல்

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு. பாடம் ஒப்பித்தல். ஒப்புவித்தல் என்றால் ஒப்படைத்தல். வாங்கியதைத் திரும்பக் கொடுப்பது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படித்ததை வாத்தியாரிடமோ சட்டாம்பிள்ளையிடமோ ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால்தான் அடுத்த பாடம். அங்கே இருந்த பிரம்படியையும், யாரையெல்லாம் உள்ளே விடவில்லை என்பதையும் மறந்துவிட்டுப் பெருமை பேசப் போவதில்லை. பொருள் புரியாத மனப்பாடமும் அதில் நிறைய. ஆனால் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: ஒப்பிக்க வேண்டியவர் மாணவர், கேட்க வேண்டியவர் ஆசிரியர். ப்ளூம் அளந்ததில் ஒரு பெரிய பங்கும் இதுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஏஐ நம் பிள்ளைகளிடம் ஒப்பிக்கிறது. பிள்ளைகள் "ஓகே, புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார்கள்.

அப்படியென்றால் ஏஐ வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1990-களின் கடைசியில் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு பி.இ. சேர்ந்தவன் நான். முதல் செமஸ்டரில் பாதி வகுப்பு காதில் விழுந்தது, புரியவில்லை. கையைத் தூக்கிக் கேட்க இங்கிலீஷும் இல்லை, தைரியமும் இல்லை. இரவு பதினோரு மணிக்கு, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு, தமிழில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்க ஒரு ஆள் அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால்? இரண்டு அரியர் மிச்சமாகியிருக்கும். டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைகளுக்கு இந்தக் கருவி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கவலை. வசதியான வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "எங்கே, நீ சொல்லு" என்று கேட்க ஒரு அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். அது இல்லாத வீட்டில், நோட்டு முழுக்கச் சரியாக இருக்கும், குறை தேர்வு அறையில்தான் தெரியவரும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. முதலில் நோட்டில் அவளே போட வேண்டும், தவறானாலும் பரவாயில்லை. மாட்டிக்கொண்ட இடத்தைப் படம் எடுத்து, "எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல், விடையைச் சொல்லாதே" என்று ஏஐயிடம் கேட்கலாம். முடிந்ததும் போனை வைத்துவிட்டு எனக்கோ அவள் அம்மாவுக்கோ ஒரு கணக்கை வாயால் விளக்க வேண்டும். அரை மணி வேலை ஒன்றரை மணி ஆகிறது. அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் ஆபீசிலிருந்து தாமதமாக வரும் நாட்களில் நடப்பதும் இல்லை. இது பலன் தருகிறது என்று ஒரு வீட்டை வைத்து நான் சொன்னால், ப்ளூமின் எண்ணைத் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் செய்யும் அதே தவறுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "அப்பா, வர்க்கம் பண்ணலைன்னா மைனஸும் பிளஸும் அடிபட்டு எல்லாம் சைபர் ஆயிடும். அதுக்குத்தான்."

"யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"போட்டுப் பார்த்தேன்" என்றாள்.