கிணறு யார் பங்கு?

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு தொடர்கதையில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். தம்பி தன் பங்கு வீட்டில் பால் காய்ச்சுகிறான். அத்துடன் 'முற்றும்' போட்டுவிட்டேன். ஒரு வாசகி கார்டு எழுதியிருந்தார்: "எல்லாம் சரி, கிணறு யார் பங்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

புது நாடுகள் பிறந்த கதையை எழுதுகிறவர்களிடமும் இதே குறையைக் காண்கிறேன். கொடி ஏறுகிறது, ஜனங்கள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள், புத்தகம் முடிந்துவிடுகிறது. கணக்கு நோட்டு அன்றுதான் திறக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

தெற்கு சூடான் 2011 ஜூலை 9-ல் தனி நாடாயிற்று. பழைய நாட்டின் எண்ணெயில் முக்கால் பங்கு அதற்கு வந்தது. ஆனால் எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாயும் துறைமுகமும் வடக்கே நின்றுவிட்டன. குழாய்க்கு என்ன கூலி என்று பேசி முடிக்காமலே பிரிந்தார்கள். தகராறு முற்றி, 2012 ஜனவரியில் தெற்கு தன் கிணறுகளையே மூடிற்று. அரசாங்கத்தின் வருமானம் அநேகமாக முழுவதும் அதுதான்! மறுபடி எண்ணெய் எடுக்க 2013 ஏப்ரல் ஆயிற்று. அந்த டிசம்பரிலேயே உள்நாட்டுப் போரும் மூண்டது.

சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தது. பிரித்துவிடப்பட்டது என்றும் சொல்லலாம். எண்ணெய்க் கிணறு கிடையாது. குடிதண்ணீரே ஜோகூரிலிருந்து வரவேண்டும். ஆனால் 1961, 1962-ம் வருஷத்துத் தண்ணீர் ஒப்பந்தங்களுக்குப் பிரிவினைப் பத்திரத்திலேயே உறுதி வாங்கிக்கொண்டார்கள். மலேசியச் சந்தை கை நழுவியதும் உலகச் சந்தைக்குச் சரக்குச் செய்யக் கிளம்பினார்கள். பிழைத்தார்கள் மட்டுமல்ல, செழித்தார்கள்.

'பிரிந்தால் நம் சொத்து நமக்கே' என்பவர்களுக்குச் சூடான் பதில். 'பிரிந்தால் பட்டினிதான்' என்று பயமுறுத்துகிறவர்களுக்குச் சிங்கப்பூர் பதில். சொத்தை எண்ணுவதில் இருக்கிற அக்கறை, வழியையும் தண்ணீரையும் பேசி முடிப்பதில் இருப்பதில்லை. என் குறை அதுதான்.

செழித்த கதையிலும் ஒரு பக்கம் விட்டுப் போகிறது. பிரிட்டிஷார் 1968-ல் அறிவித்து, 1971-க்குள் ராணுவத் தளங்களைக் காலி செய்யத் தொடங்கினார்கள். நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. அங்கே வேலை பார்த்த தமிழர், மலையாளிகளில் குடியுரிமை இல்லாத பலர் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பினார்கள். பொருளாதார நிபுணருக்கு அது ஓர் எண். கதை எழுதுகிறவனுக்கு அப்படி இருக்கலாமா?

அந்த நாவலை இன்று எழுதினால், பால் காய்ச்சுவதை முதல் அத்தியாயத்தில் வைப்பேன். மறுநாள் விடியற்காலை, தம்பி மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போகிறாள். கிணற்றடியில் ஓரகத்தி நிற்கிறாள். கதை அங்கேதான் தொடங்குகிறது.