நாளொரு கதை: இணையவழித் தொன்ம வகுப்புகளின் அன்றாடக் குறிப்புகள்

தெய்வங்களையும் உலகத் தோற்றத்தையும் குறித்து ஒரு சமூகம் மெய்யென நம்பிச் சொல்லிவரும் தொன்மங்களையும், வாய்மொழியாகவும் சடங்காகவும் வாழும் நாட்டார் வழக்காறுகளையும் இணையவழியில் கற்பிப்போர், நாள்தோறும் ஒரு குறிப்பு, ஒரு படம், ஒரு நிகழ்த்துகலைக் காணொலி, அன்றைய விழாவைப் பற்றிய ஒரு செய்தி என மாணவருக்கு அனுப்பும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லாரா கிப்ஸ் பல்லாண்டுகள் இணையத்திலேயே நடத்திய தொன்ம, நாட்டார் வழக்காற்று வகுப்பும் இந்திய இதிகாச வகுப்பும் இதற்கு நல்ல முன்மாதிரிகள். மாணவர் தாமே கதைகளைத் தேர்ந்து படித்துத் தம் நடையில் மறுபடி எழுதிய அவ்வகுப்புகளில் அன்றாட அறிவிப்பும் கற்றலின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

இம்முறையின் முதன்மையான வலிமை அதன் நாள்முறைமை. கதையை நாளுக்குச் சிறிதாகப் பகுத்துக் கேட்பது தமிழ் மரபுக்குப் பழகிய ஒழுங்கு: மார்கழியில் திருப்பாவையின் 30 பாசுரங்களும் நாளுக்கொன்றாக விளக்கப்படுகின்றன, தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்ல, அதே கதைப்பகுதி இரவில் கூத்தாக நிகழ்ந்து, முடிவில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் நடைபெறுகின்றன. அருச்சுனன் தபசு நாளில் நடிகர் தவமரத்தின் உச்சியிலிருந்து எறியும் கனிகளைக் குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்கும்போது, பிரசங்கத்தில் கேட்ட கதை அவர்கள் வாழ்வுக்குள் நுழைந்துவிடுகிறது. இணையவழிக் குறிப்பு எட்ட முயல வேண்டிய அளவுகோல் இதுதான். பெரும்பாலும் அது எட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விழாவில் முழு ஊரும் ஒரே பொழுதில் கேட்கிறது, கைப்பேசிக்கு வரும் குறிப்பையோ ஒவ்வொருவரும் தனித்தனியே, பல நாள் குறிப்புகள் குவிந்த பின்னர், ஒரே மூச்சில் தள்ளிப் பார்க்கின்றனர்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடியது இடம். சென்னையின் தென்புறத்தில் தாம்பரம் பகுதியில் உள்ள திருநீர்மலையை வெள்ளம் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தே மலைக்குச் சென்று வழிபட்டார் என்னும் தலக்கதையை, அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கிய 2015 டிசம்பரை நேரில் கண்ட மாணவருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் அனுப்பினால், ஏரிகளும் அடையாற்று நீரும் நிறைந்த நிலத்தின் நினைவு கதைக்குள் எவ்வாறு தங்கியிருக்கிறது என்ற கேள்வி தானே எழும். அதே கதையைச் சித்திரையில், ஒரு பொதுப் படத்துடன் அனுப்பினால் அது வெறும் தகவலாகவே நின்றுவிடும். செறிவூட்டல் என்று சொல்லப்படும் கூடுதல் பொருள் எவ்வளவு தரப்படுகிறது என்பதைவிட எந்த நாளில், எந்த ஊரை நோக்கித் தரப்படுகிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது.

இம்முறையின் பெரிய குறை, குறுக்கத்தால் வருவது. நாட்டார் கதைக்கு ஒற்றை மூலவடிவம் கிடையாது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஊருக்கும் ஏற்ப மாறுவதே அதன் இயல்பு. அதே தாம்பரம் பகுதியின் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் கபில முனிவர் பசுவாகப் பிறந்து இலிங்கத்தின்மேல் பால் சொரிந்ததாகக் கூறுவர். பசு பால் சொரிந்து மறைந்திருந்த இலிங்கத்தைக் காட்டும் நிகழ்ச்சியோ தமிழகத்தின் பல தலங்களில் வழங்கும் ஒரு கதைக்கூறு, அதாவது பல கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சிறு அலகு. பத்து வரிக் குறிப்பு மாடம்பாக்கத்துக் கதையை மட்டும் முடிந்த முடிவாகத் தந்தால், ஒப்பீட்டுக்கு வழியின்றிப் போகிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வுக்குரிய கேள்வியே மறைந்துவிடுகிறது.

மூலப்பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டணமின்றிக் கிடைப்பவை பெரும்பாலும் காப்புரிமைக் காலம் கடந்த நூல்களே ஆதலால், கிங்ஸ்கோட் அம்மையாரும் நடேச சாஸ்திரியும் 1890இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தென்னிந்தியக் கதைத் தொகுப்பு போன்றவை வகுப்புகளுக்கு எளிதில் வந்து சேர்கின்றன. அவற்றின் அருமை மறுக்க இயலாதது. ஆயினும் ஆங்கில வாசகருக்காகச் செம்மை செய்யப்பட்ட அந்நடையில் கதை சொன்னவரின் பேச்சு கேட்பதில்லை. தமிழில் நா. வானமாமலை, கி. ராஜநாராயணன் முதலியோர் தொகுத்தவற்றை அருகில் வைக்காத வகுப்பு, தமிழ்க் கதையைக் குடியேற்றக்கால வடிகட்டி வழியாகவே அறியும்.

காணொலிகள் தனிக் கவனத்துக்கு உரியவை. மயானக் கொள்ளையிலோ சாமியாட்டத்திலோ தன்னிலை மறந்து ஆடும் ஒருவரின் உருவத்தை, அவர் இசைவையும் பெயரையும் கேளாமல் வகுப்புக்கு அனுப்புவது, வழக்காற்றை அதன் உரிமையாளரிடமிருந்து பறிப்பதாகும். எளிய சாதியினரின் சடங்குகளே இவ்வாறு வேடிக்கைப் பொருளாக மாறும் ஆபத்து மிகுதி. ஆசிரியரின் உழைப்பும் கணக்கில் வர வேண்டும்: நாள்தோறும் தேடி, சரிபார்த்து, எழுதும் பணி பாடவேளைக் கணக்கில் சேர்வதில்லை; நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது சரிபார்ப்பே.

ஆகவே நாள் தவறாமை என்ற விதியைத் தளர்த்தி, வாரத்துக்கு இரண்டு குறிப்புகள் போதும் என்று கொள்வது தக்கது. ஒவ்வொன்றிலும் ஒரே கதையின் இரு வடிவங்களும், சொன்னவர் பெயர் வெளியிட இசைந்தால் பெயரும் ஊரும், தாம்பரத்தை அடுத்த சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ வாழும் மாணவர் தம் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவர ஒரு கேள்வியும் இருக்க வேண்டும். அவர்கள் கேட்டுவரும் வடிவம் அச்சிட்ட வடிவத்தோடு முரண்படுமானால், அந்த முரணே அடுத்த குறிப்பின் பொருளாகலாம்.