களையும் கனியும்: ‘இலையுதிர்காலக் கதை’ பற்றி ஒரு மதிப்பீடு

பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமெர் நான்கு பருவங்களின் பெயரால் ஆக்கிய நான்கு திரைப்படங்களுள் இறுதியானது ‘இலையுதிர்காலக் கதை’. 1998ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் திரைக்கதைக்கான விருதைப் பெற்ற இப்படம் காதல் நகைச்சுவை வகையைச் சார்ந்தது; எனினும், அது எழுப்பும் வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று.

ரோன் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிட்டு மது வடிப்பவள் மகாலி. நாற்பத்தைந்து வயதான இக்கைம்பெண், பிள்ளைகள் வளர்ந்து அகன்றபின் தனிமையால் வாடுகிறாள். ஆயினும் துணை தேட முனையாள். அவளுடைய தோழி இசபெல் அவளறியாமலே செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிறாள். மறுமொழி தந்த ஜெரால் என்பவரை, துணை தேடுபவள் தானே என்பதுபோல் சந்தித்துச் சோதிக்கிறாள். பின்னரே உண்மையை அவரிடம் கூறுகிறாள்.

இப்படத்தின் உட்கருத்து திராட்சைத் தோட்டத்திலேயே அடங்கியுள்ளது. மகாலி களைக்கொல்லியைப் பயன்படுத்துவதில்லை. கொடிகளுக்கிடையே களை மண்டுவதையும் பொறுத்துக்கொள்கிறாள். தன் மது ஆண்டுகள் கடந்தும் முதிர்ந்து சிறக்கும் என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. பயன் நன்றாயினும் குறுக்குவழியை அவள் ஏற்பதில்லை. இத்தகையவளுக்கே அவளுடைய தோழி குறுக்குவழியில் நன்மை தேடுகிறாள்!

பொய்க்கு வள்ளுவர் இடந்தந்தது, குற்றமற்ற நன்மை விளையுமிடத்து மட்டுமே. இசபெலின் பொய் அத்தகையதா? ஜெரால் ஏமாற்றப்படுகிறார். இசபெலின் மகளுடைய திருமண நாளில், தோழியையும் அவரையும் நெருக்கமாகக் கண்ட மகாலியின் உள்ளத்தில் ஐயம் புகுகிறது. மணமான இசபெலோ, தான் விரும்பப்படுவதில் இன்பங்காண்கிறாள். இறுதி நடனத்தில் கணவனோடு ஆடும் அவளுடைய முகத்தில் படரும் ஏக்கத்தை இயக்குநர் மறைக்கவில்லை. பிறருக்காகச் சொன்ன பொய், சொன்னவளையே தொட்டுவிட்டது. இந்த நேர்மையே படத்தின் சிறப்பு.

குறையும் ஒன்றுண்டு. மகாலியின் மகனுடைய காதலி ரோசின், தன்னோடு காதலுறவு கொண்டிருந்த முன்னாள் ஆசிரியரை மகாலிக்குத் துணையாக்க முயல்கிறாள். மாணவியர்பால் நாட்டங்கொள்ளும் அவ்வாசிரியரின் போக்கைப் படம் புன்னகையோடு கடந்துசெல்கிறது. கற்பிப்போர்மீது மாணவர் வைக்கும் நம்பிக்கை எத்துணை எளிதில் சிதையும் என்பதை அறிந்தோர்க்கு இது ஏற்புடையதன்று.

தனித்து வாழ்வோர்க்குத் துணை அமைத்துக்கொடுக்க விழையும் அன்பு உயர்ந்ததே. ஆனால், அவர்களிடம் முதலில் கேட்டறியும் பணிவு அவ்வன்புக்கு வேண்டும். நடுவயதினரின் தனிமையை ஏளனஞ்செய்யாது காட்டும் இப்படம், அப்பணிவின் இன்றியமையாமையை நமக்கு உணர்த்துகிறது.