மாவில் கரைத்த கேரட்

தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் விடியும் முன்பே லாரிகள் வந்து நின்றுவிடும். கும்பகோணத்துக் கடைகளுக்கும் சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் காய் பிரிந்து போவது இங்கிருந்துதான். மூட்டை மூட்டையாய்க் காய் இறங்கும் இதே ஊரில், நாலு தெரு தள்ளி, வேகவைத்த கேரட்டை மிக்ஸியில் மையாக அரைத்து, குழந்தை அந்தப் பக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்துத் தோசை மாவில் கரைக்கிறார்கள். காய் கிடைக்காத கஷ்டம் இல்லை இது. கிடைத்த காய் பிள்ளையின் வாய்க்குள் போகமாட்டேன் என்கிற கஷ்டம்.

பீட்ரூட் இட்லி, பாலக் பூரி, சுரைக்காய் துருவிப் பிசைந்த சப்பாத்தி, காலிஃபிளவர் மசித்த கட்லெட், முருங்கைக்கீரைப் பொடி சேர்த்த முறுக்கு என்று இந்த வித்தை வளர்ந்துகொண்டே போகிறது. சிலர் இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறார்கள். சிலர் பெற்ற பிள்ளையையே ஏமாற்றுவதா என்று முகம் சுளிக்கிறார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு. முதலில் வரவையும் செலவையும் பார்ப்போம்.

குழந்தை ஏன் மறுக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகிற உடம்பு, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் ஏறுகிறது. வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். ‘போன வருஷம் வரைக்கும் நல்லா சாப்பிட்டான்’ என்ற புலம்பலில் பாதி இதற்குள் அடங்கிவிடும். மீதிப் பாதி, புதிய உணவைக் கண்டு ஒதுங்கும் சுபாவம். ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை அது உச்சத்தில் இருக்கும். நடக்கப் பழகிய பிள்ளை கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்தச் சந்தேகம் ஒரு தற்காப்பு என்பது விளங்கும். கசப்பும் பச்சை நிறமும் அதற்கு முதல் எதிரிகள். ஆகவே இதைப் பிடிவாதம் என்றோ செல்லம் கொடுத்ததன் விளைவு என்றோ பேசுவதில் பொருளில்லை.

ஒளிப்பவர்களின் கட்சியை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வதுதான் நியாயம். அவர்களுக்குக் கையில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளுக்குக் காலை ரொட்டியிலும் மதிய, இரவு உணவிலும் காய்கறியை அரைத்துக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிள்ளைகள் ருசி வித்தியாசம் பாராட்டாமல் வழக்கமான அளவே சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் உண்ட காய்கறி கிட்டத்தட்ட இரு மடங்கானது. இன்னொன்றும் உண்டு: கூடவே வெளிப்படையாக வைத்த காய்களையும் அவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. ஒளித்துக் கொடுத்தால் வெளியே வைப்பதைத் தொடமாட்டார்கள் என்ற பயத்துக்கு, அந்த ஒரு நாள் கணக்கிலாவது, இடமில்லை.

ஆனால் இதே ஆய்வைத் தஞ்சை மாவட்டத்துச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒரு விஷயம் தலைகீழாகிறது. ஒளித்ததால் குழந்தைகள் உட்கொண்ட கலோரி சுமார் 12 விழுக்காடு குறைந்தது. ஆய்வாளர்களுக்கு இது வெற்றி. அமெரிக்காவில் குழந்தைகளின் உடல் பருமன்தான் தலைவலி. நம் கதை வேறு. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 22 பேர் எடை குறைந்தவர்கள், 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஒல்லிப் பிள்ளையின் தோசையில் சுரைக்காயையோ சௌசௌவையோ அரைத்து ஊற்றினால் உள்ளே போவது பெரும்பாலும் தண்ணீர். சின்ன வயிறு நிறைந்துவிடும், எடை ஏறாது. கூடவே நெய்யோ பருப்போ முட்டையோ வேர்க்கடலையோ சேராவிட்டால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போட்டதாகும். ஒளிப்பு வித்தையைச் சிபாரிசு செய்பவர்கள் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது அளவு. நூறு கிராம் கேரட்டை அரைத்துப் பத்து தோசைக்கான மாவில் கலக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போட்டால் தோசை கல்லில் ஒட்டும், முறுகாது, பிள்ளை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடும். அது ஒன்றரை தோசை தின்றால் உள்ளே போனது 15 கிராம். அதாவது ஒரு மேசைக்கரண்டிப் பொரியல். வேகவைத்து, அரைத்து, மிக்ஸி கழுவி, ஆள் பார்த்து, பொய் சொல்லி ஆடிய நாடகமெல்லாம் அந்த ஒரு கரண்டிக்குத்தான். ரோல்ஸ் ஆய்வில் பிள்ளைகள் கிட்டத்தட்ட இரு மடங்கு உண்டார்கள் என்றால் நாள் முழுக்க மூன்று வேளைச் சாப்பாட்டிலும் காய் கலந்திருந்தது. சாயங்காலப் பலகாரம் ஒன்றில் ஒளிப்பதற்கு அந்த எண்ணைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

இரத்தசோகையைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. அதே தேசிய குடும்பநல ஆய்வில் தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பயமுறுத்தும் எண்தான். என்றாலும் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சொற்பமாகவே சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். முறுக்கு மாவில் ஒரு சிட்டிகை முருங்கைக்கீரைப் பொடி தூவிவிட்டு இரும்புக்கு வழி செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் இருக்கிறது.

இதுவரை சொன்னது இன்றைய வயிற்றின் கணக்கு. நாளைய நாக்கின் கணக்கில்தான் ஒளிப்பு பெரிதாகத் தோற்கிறது. லியான் பர்ச் என்ற உளவியலாளர் 1980களில் செய்த சோதனைகள் இந்தத் துறையின் அடித்தளம். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய உணவை எத்தனை முறை கொடுக்கிறோமோ அத்தனைக்குப் பிடித்தமும் ஏறியது. 1987இல் அவர் குழுவினர் இன்னும் நுணுக்கமாகக் கேட்டார்கள்: பார்த்தால் போதுமா, சுவைக்க வேண்டுமா? பார்த்துப் பழகினால் பார்வைக்குப் பிடித்தது. நாக்குக்குப் பிடிக்கவேண்டுமென்றால் நாக்கில் பட்டே தீரவேண்டியிருந்தது. மாவில் கரைத்த கேரட்டை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். கண்ணுக்கு அது தெரிவதில்லை. வெங்காயமும் மிளகாயும் போட்டு அமுக்கிவிட்டதால் நாக்குக்கும் தெரிவதில்லை. நூறு கேரட் தோசை தின்ற பிள்ளை கேரட்டோடு ஒரு முறைகூட அறிமுகமாகவில்லை. ஐந்தாவது வயதில் தட்டில் கேரட் பொரியலைப் பார்த்தால் அதற்கு அது புத்தம் புது வஸ்து. மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. பத்துப் பதினைந்து முறை கொடுத்துப் பார் என்று ஆராய்ச்சியாளர் சொல்லிவிடலாம். பத்து முறையும் துப்பிய காய்க்குக் காசு யார் கொடுப்பது? தறி நெய்யும் வீட்டில், பட்டு நூலோடு மல்லாடிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, மறுக்கப்படும் என்று தெரிந்தே தனியாக ஒரு காய் சமைக்கப் பொழுது ஏது? பிள்ளைக்கென்று தனிச் சமையல் நடக்கும் வீடுகளில் இந்த மறுப்பு நிற்கும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் நிற்காது என்பது என் எண்ணம். இங்கே தினமும் ஏதோ ஒரு பொரியலோ கூட்டோ பெரியவர்களுக்காக எப்படியும் அடுப்பில் ஏறுகிறது. அதில் ஒரு ஸ்பூன் பிள்ளையின் தட்டு ஓரத்தில் விழுவதற்குத் தனிச் செலவில்லை, தனி வேலையும் இல்லை. தின்றால் தின்கிறது, இல்லாவிட்டால் அந்த ஒரு ஸ்பூன் போகிறது. அரைத்து ஒளிப்பதுதான் கூடுதல் வேலை.

பொழுது இல்லாத வீட்டில் உண்மையில் நடப்பது வேறு: பக்கத்துக் கடையின் ஐந்து ரூபாய் பாக்கெட். நாலு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று என்று போன வயிறு எட்டு மணிக்குக் காயைப் பார்த்து ஏன் வாய் திறக்கவேண்டும்? காயைப் பலகாரத்துக்குள் ஒளிப்பதைவிட, பலகாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுவது பல வீடுகளில் அதிகம் சாதிக்கும்.

அப்படியானால் பலகாரத்தில் காய் சேர்ப்பதே தவறா? இங்கேதான் வழக்கைப் பிரிக்கவேண்டும். கலப்பது ஒன்று, மறைப்பது இன்னொன்று. காவிரிக்கரைச் சமையலறை முதலாவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறது. இரண்டாவதற்கு அதற்குத் தேவை வரவில்லை. வாழைப்பூ வடை, கீரை வடை, முருங்கைக்கீரை அடை, வாழைக்காய் பஜ்ஜி, முடக்கத்தான் தோசை, பூசணிக்காயைத் துருவிக் கிளறிய காசி அல்வா. எதிலும் காய் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கவில்லை. பலகாரத்தின் பேரிலேயே முன்னால் நிற்கிறது. நெசவாளச் சௌராஷ்டிரர்கள் மிகுந்த மதுரையில் தெருவோரம் போடும் முள்ளுமுருங்கை வடை, தூரத்திலிருந்தே தெரியும் பச்சை. அதைத் தின்ற பிள்ளை ‘இலை போட்டது’ என்று தெரிந்தே தின்கிறது. வடையின் மொறுமொறுப்போடும் எண்ணெய் வாசனையோடும் அந்த இலையின் பேரும் நிறமும் சேர்ந்து மனசில் பதிகின்றன. நாளைக்கு அதே இலை வேறு ரூபத்தில் வந்தால் பாதி உறவாவது இருக்கும்.

வடிவத்தை மாற்றுவதும் மறைப்பதல்ல. காயை மறுக்கும் பிள்ளைகளில் பலருக்கு ருசியைவிட வாயில் படும் விதம்தான் தொல்லை: வெண்டைக்காயின் வழவழப்பு, வெந்த கத்தரிக்காயின் கொழகொழப்பு. வெண்டைக்காயை நீளவாக்கில் சீவி மொறுமொறுவென வறுத்து ‘வெண்டைக்காய்தான்’ என்று சொல்லியே கொடுக்கலாம். பொய் எதுவும் தேவைப்படவில்லை. குறை எதில் என்று பார்த்துச் சரி செய்தாயிற்று.

பேரைச் சொன்னால் பிள்ளை தொடாது என்பார்கள். லிசி போப், ராண்டி வுல்ஃப் இருவரும் 2012இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு, காய் சேர்ந்தது என்று எழுதி ஒட்டியும் ஒட்டாமலும் தின்பண்டங்கள் கொடுத்தார்கள். பிராக்கோலி சேர்த்த கேக்கிலும் பூசணி இனத்துச் சுக்கினி சேர்த்த ரொட்டியிலும் ருசி மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. கொண்டைக்கடலை போட்ட பிஸ்கட்டுக்கு மட்டும், பேர் சொன்னதும் மதிப்பு இறங்கியது. அந்தப் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை அவ்வளவாகப் பழக்கமில்லை. நவராத்திரிக்கு வீடு வீடாகச் சுண்டல் வாங்கித் தின்னும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அதில் உள்ள சேதி முக்கியம்: பேர் விரட்டுவதில்லை, பழகாத பேர்தான் விரட்டுகிறது. ஒளித்துக்கொண்டே இருந்தால் பேர் எப்போது பழகும்? (சோதிக்கப்பட்டவர்கள் பள்ளி செல்லும் பிள்ளைகள், மூன்று வயதுக் குழந்தைகள் அல்ல, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.)

இந்த ஒளிப்பு வித்தைக்கு ஒரு கோர்ட் சரித்திரமும் உண்டு. 2007இல் அமெரிக்காவில் இரண்டு சமையல் புத்தகங்கள் அடுத்தடுத்து வந்தன, ஒன்று மிஸ்ஸி சேஸ் லப்பைன் எழுதியது, மற்றது ஜெசிகா சைன்ஃபெல்ட் எழுதியது. இரண்டும் காயை அரைத்துப் பிள்ளைகளின் பண்டத்தில் மறைக்கும் உத்தியைச் சொல்பவை. என் யோசனையைத் திருடிவிட்டார் என்று முதலாமவர் வழக்குப் போட்டார், 2009இல் தள்ளுபடியானது. யோசனை யாருக்கும் தனிச் சொத்தல்ல என்ற சட்ட நிலை ஜெயித்தது. வாழைப்பூ வடை போட்ட பாட்டி எவரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

நமக்கு அதைவிடப் பயனுள்ள சான்று டெல்டாவிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அங்கே பரிமாறுவதில் காய்கறி சாம்பாரும் காய்கறி கிச்சடியும் உண்டு. கேரட்டும் பீன்ஸும் கண்ணுக்குத் தெரிய, எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதன் அதை அள்ளி வாயில் போடுகிறான். வீட்டில் எந்த மிக்ஸியாலும் தயாரிக்க முடியாத பொருள் அந்தச் சிநேகிதன். ஓரமாக ஒதுக்கி வைக்கும் பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள். ஒதுக்குவதற்காவது காயைத் தொடவேண்டியிருக்கிறதே.

ஆகவே என் தீர்ப்பு இது. ரகசியமாக ஒளிப்பது அன்றாட வழக்கமாக இருக்கத் தகுதியற்றது. கிடைப்பது ஒரு கரண்டி, இழப்பது அறிமுகம். சர்க்கரையும் மைதாவும் சாக்லேட்டும் போட்ட கேக்கில் பீட்ரூட்டைப் புதைப்பது அதைவிட மோசம். அங்கே காய், கேக்குக்கு நற்சான்றிதழ் வாங்கித் தரும் தரகர். காயைப் பலகாரத்தில் வெளிப்படையாகக் கலப்பது முழுத் தேர்ச்சி. பாலக் பூரி ‘ஹல்க் பூரி’ என்று கார்ட்டூன் பேருக்கு மாறாமல் கீரைப் பூரி என்றே தட்டுக்கு வந்தால் அதுவும் தேர்ச்சி. பீட்ரூட் இட்லிக்குப் பீட்ரூட்டைக் கழுவும்போது பிள்ளை பக்கத்தில் நின்று கையைச் சிவப்பாக்கிக்கொண்டால் கூடுதல் மதிப்பெண்.

விலக்கு இரண்டு தரலாம். காய்ச்சலில் கிடந்து எழுந்து எதையும் தொடாத வாரத்திலோ, மலச்சிக்கலில் அழும் பிள்ளைக்கோ, தற்காலிகமாக ஒளித்துக் கொடுத்தால் குற்றமில்லை. ஆனால் ஒளித்த காய் அன்றைக்கே வேறொரு தட்டில் தன் சொந்த முகத்தோடு இருக்கவேண்டும். மற்றபடி எண்ணி நாலைந்து பண்டம் தவிர எதையும் தின்னாத, எடை இறங்குகிற, கட்டி பட்டாலே ஓங்கரிக்கிற பிள்ளைக்கு வடையும் தேவையில்லை, வித்தையும் தேவையில்லை; குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மூன்று வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, சாம்பாரிலிருந்து கத்தரிக்காயைப் பொறுக்கி இலை ஓரத்தில் அடுக்கும் அப்பாக்களுக்கு எதை எந்தப் பலகாரத்தில் ஒளிப்பது என்பது தனி வழக்கு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.