தொப்பியில்லாமல் குதித்த மாப்பிள்ளை

கோகலின் 'திருமணம்' நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் ஜன்னலுக்குத்தான் வருகிறார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஜன்னல் வழியா குதிச்சு ஓடிட்டான், அவ்வளவுதான் கதை என்கிற மாதிரி. 1842-ல் அச்சான நாடகம். பீட்டர்ஸ்பர்க்கில் பொத்கல்யோசின் என்ற அரசு அதிகாரி, வணிகர் மகள் அகாஃப்யா, எப்படியாவது முடித்துவைக்கத் துடிக்கும் நண்பன் கோச்கர்யோவ். இந்தமுறை வாசித்தபோது என்னை நிறுத்தியது ஜன்னல் இல்லை. அந்தக் குதிப்புக்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு தனிமொழிகள்.

முதலாவது மாப்பிள்ளையுடையது. அறையில் தனியாக நிற்கிறான், சந்தோஷம் பொங்குகிறது. தான் ராஜாவாக இருந்தால் நாட்டில் ஒருத்தனையும் கல்யாணம் பண்ணாமல் விடமாட்டேன் என்கிற அளவுக்குப் போகிறான். அந்த உற்சாகத்திலேயே 'ஆயுள் முழுக்க' என்ற நினைப்பு வருகிறது, குலை நடுங்குகிறது. யாரும் வந்து பெண்ணைப் பற்றிக் கோள் சொல்லவில்லை. கல்யாணத்தைப் புகழ்ந்த வாயிலேயே பயமும் பிறக்கிறது. தொப்பி கையில் இல்லையே என்று தயங்குகிறான் பாருங்க, அங்கேதான் கோகல்! கல்யாணத்தையே உதறுகிறவனுக்கு வெறுந்தலையோடு தெருவில் இறங்கக் கூச்சம்.

இவனைக் கோழை என்பது சுலபம். போட்டிக்கு வந்த மாப்பிள்ளைகளில் ஒருத்தன் சொத்துப் பட்டியலைச் சரிபார்க்கிறான். இன்னொருத்தனுக்குப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரியணும் (அவனுக்கே தெரியாது). கோச்கர்யோவுக்கோ தரகு அம்மாவை ஜெயிக்கணும். இத்தனைக்கும் தன்னைக் கல்யாணத்தில் மாட்டிவிட்டதற்காக அவளைத் திட்டியவன் அவன். இந்த ஆண்களில் கல்யாணம் ஆயுளுக்கும் என்று யோசித்தவன் ஓடிப்போனவன் மட்டும்தான்.

ஆனால் அடுத்த தனிமொழி அவனை அப்படித் தப்பவிடவில்லை. அவன் குதித்துப் போனது தெரியாமல் அகாஃப்யா உள்ளே வருகிறாள். அவளுக்கும் நடுக்கம், வெட்கம். அவர் ஒரு நிமிஷம் இந்த அறையில் இல்லாமல் இருந்தால் தேவலை என்று நினைக்கிறாள். மேடையில் இதற்குச் சிரிப்பு விழும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே பயம். ஆனால் தனியாக உட்கார்ந்தபோது பேசியதெல்லாம் படகுச் சவாரியும் பிடித்த பூவும். அவள் கேட்டது ஒரு நிமிஷம், அவன் எடுத்துக்கொண்டது ஜன்னலை.

கடைசி வசனத்தைக் கோகல் தரகு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வாசல் வழியா போனால் அது வேற, ஜன்னல் வழியா போனால் முடிஞ்சுது என்கிற மாதிரிச் சொல்கிறாள். நல்ல முத்தாய்ப்புதான். கல்யாணத்துக்குத் தயாராகி நிற்கிறவளுக்கு அதற்கு நிகராக ஒன்றும் வைக்கவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.