அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்கு

எங்கள் அபார்ட்மென்டில் மூன்றாவது படிக்கும் பையன் ஒருவன் சாயங்காலம் ஹோம்வொர்க் நோட்டோடு என் ஃப்ளாட்டுக்கு வந்துவிடுவான். அம்மா ஆபீஸிலிருந்து வரும்வரை அவனுக்கு நான் துணை, எனக்கு அவன். போன வாரம் ஒரு கணக்கின் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. 52-இலிருந்து 27 போனால்? 35 என்று எழுதியிருந்தான்.

அம்மா வந்து பார்த்தார். "கவனமே இல்ல அங்கிள் இவனுக்கு. டேய், ரெண்டுலேர்ந்து ஏழு போகாதுன்னா பக்கத்துல அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்குன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

பையன் கேட்டான்: "எப்பம்மா திருப்பித் தரணும்?"

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது வருஷமாகக் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குத் தோன்றாத கேள்வி.

"சரி, 35 எப்படி வந்துது, சொல்லு" என்றேன். "ஏழிலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு, அஞ்சிலேர்ந்து ரெண்டு போனா மூணு." ஏன் ஏழிலிருந்து இரண்டு? "பெரிசிலேர்ந்துதானே சின்னதைக் கழிக்கணும்? ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் மிஸ் சொன்னாங்களே!"

பாருங்கள், இது கவனக்குறைவே அல்ல, கீழ்ப்படிதல். முதல் வகுப்பில் நாம் சொன்ன சௌகரியமான அரைப் பொய்யை நம்பி, இரண்டு இடத்திலும் ஒழுங்காகக் கழித்திருக்கிறான். சிவப்புக் குறி போட்டவரும் திட்டிய அம்மாவும் "எப்படிப் போட்டே?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் விஷயம் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

இப்போது வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் குழந்தையும் ஒருநாள் "ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும் வேணும்" என்று வந்து நின்றிருக்கும். 'இவ்வளவு ஃபீஸ் கட்டி குச்சி விளையாட்டா?' என்று அலுத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் குச்சிதான் பாடம். பத்துப் பத்தாகக் கட்டினால் 52 என்பது ஐந்து கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து 27 எடுக்க வேண்டும். ஏழு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. ஒரு கட்டைப் பிரி. நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. மொத்தம் இன்னமும் 52தான். ஏழை எடு, இரண்டு கட்டை எடு. மிச்சம் 25. ஐந்தை அடித்து நான்கு என்று எழுதுகிறோமே, இரண்டுக்கு முன்னால் குட்டியாக ஒன்று போடுகிறோமே, அது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றிய சமாசாரம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. தன் சில்லறையைத் தானே மாற்றிக்கொண்டது.

லிப்பிங் மா என்ற சீனப் பெண்மணி எழுதி 1999-இல் வெளிவந்த புத்தகம் ஒன்று இருக்கிறது. கலாசாரப் புரட்சியின்போது கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே வாத்தியாராகி, பிற்பாடு அமெரிக்காவில் டாக்டரேட் வாங்கியவர். 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் இதே மாதிரிக் கழித்தலை எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் நம் அம்மா சொன்னதைத்தான் சொன்னார்கள்: பக்கத்தில் கடன் வாங்கு. சீனர்களில் பெரும்பாலோர் 'பத்தைப் பிரிப்பது' என்றார்கள். அதில் ஒருவர், இந்தக் 'கடன்' வார்த்தையைப் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரிடமிருந்து கற்றுக்கொண்டு வருகிறார்கள், திருப்பித் தருவது எப்போது, தரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் கேள்வி வரும் என்கிறார். நம் பையனேதான்! ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னபோது 72 சீனர்களும் சரியாகப் போட்டார்கள். அமெரிக்கர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. நாம் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு வருகிறதா, போட்டுப் பாருங்கள். (மூன்றரை.)

நமக்கு இன்னொரு சௌகரியம் உண்டு, அதை வீணடிக்கிறோம். 'தர்ட்டீன்' என்று சொல்லச் சொல்லி எழுதச் சொன்னால் மூன்றைக் காதில் முதலில் வாங்கி 31 என்று எழுதும் குழந்தைகள் உண்டு. தமிழில் பதின்மூன்று: பத்து, அப்புறம் மூன்று. ஐம்பத்திரண்டு என்ற பெயரிலேயே ஐந்து பத்தும் இரண்டும் இருக்கின்றன. பழைய தமிழ் இலக்கத்தில் ௫௰௨ என்று அப்படியேதான் எழுதினார்கள், ஐந்து - பத்து - இரண்டு. தொண்ணூறும் தொள்ளாயிரமும் கொஞ்சம் கோணல், அதை விடுங்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளையிடமும் வீட்டிலாவது தமிழில் எண்ணச் சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இது இரண்டு மார்க் சமாசாரம் இல்லை. இந்தியக் கிராமங்களில் 2024-இல் எடுத்த 'அசர்' கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்பில் இந்த ஈரிலக்கக் கழித்தலைப் போட முடிந்தவர்கள் 33.7 சதவிகிதம். மூன்று பேரில் ஒருத்தர்! அங்கேயே தடுக்கிய குழந்தை ஐந்தாவதில் வகுத்தலைப் பார்த்ததும் 'எனக்கு மேத்ஸ் வராது' என்று தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. பாதிப் பேருக்கு அது ஆயுள் தண்டனை.

பள்ளிகள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. குச்சிக் கட்டைக் கலர் கலராகப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டு, நிஜக் குச்சிகளை அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். படத்தில் ரப்பர் பேண்டைக் கழற்ற முடியாது சார். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஷூ பாலிஷ் பற்றிப் பத்து நிமிஷம் பேசுபவர்கள், கழித்தலை எப்படிச் சொல்லித் தருகிறோம் என்று இரண்டு நிமிஷம் சொல்லக் கூடாதா? வீட்டில் ஒரு முறை, வகுப்பில் ஒரு முறை, நடுவில் எட்டு வயசுக் குழந்தை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தினார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை குச்சி எண்ணினால் அவமானமில்லை, எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் நடக்க முடியும் என்று ஒப்புக்கொண்ட வரையில் எனக்குப் பிடித்தது.

அதற்காக வாய்ப்பாடே வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். குச்சி ஒரு நாள் கைவிட்டுப் போக வேண்டும், பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். புரிந்த பிறகு. அபாகஸ் வகுப்புக்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடித்து, பையனை மளிகைக் கடைக்கு அனுப்புங்கள். 27 ரூபாய்க்கு 50 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் அண்ணாச்சி கழிப்பதில்லை, மேலே எண்ணுகிறார்: மூன்று ரூபாய் வைத்து 'முப்பது', இருபது வைத்து 'அம்பது'. அதுவும் கழித்தல்தான். நோட்டில் அப்படிப் போட்டால் சில மிஸ்கள் மார்க் தருவதில்லை, அது தனிக் கதை.

பையனுக்குக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டினேன். நாலு கணக்கு டக் டக்கென்று போட்டான். கொஞ்சம் திமிர் வந்து, 300-இலிருந்து 148 கழி என்றேன். பூஜ்யத்தைப் பார்த்தான், பக்கத்திலும் பூஜ்யம். "அங்கிள், பக்கத்து வீட்டுலயும் ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து போய் சமையலறையில் துழாவ ஆரம்பித்தான்.

"என்னடா தேடறே?"

"பெரிய ரப்பர் பேண்ட். பத்து கட்டைச் சேர்த்துக் கட்டணும்."